நோம்பிப்பூவும் நான் பறித்த களையும்

அந்தப் பூவுக்கு நான் செய்த கெடுதல்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறித்துத் தலையில் வைத்தேன். வேரோடு பெயர்த்து வந்து நட்டுச் சாகடித்தேன். பிறகு விதைத்தேன், முளைத்ததை என் கையாலேயே களையென்று பிடுங்கி எறிந்தேன். இத்தனைக்கும் பிறகு அது பூத்தது என்றால் அதில் என் சாமர்த்தியம் எள்ளளவும் கிடையாது. இதை எழுத உட்காரும்போதுகூட, அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றுகிறது.

கொல்லிமலையில் ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அறுபதுகளின் ஆரம்பம். என் வீட்டுக்காரர் அந்த ரோட்டு வேலையில் ஓவர்சியர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மலையில் குண்டூர் நாடு என்று சொல்லும் பகுதியில், ஒரு சின்ன ஊரின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட வீடு ஒன்றில் எங்களைக் குடிவைத்தார்கள். நான் இராசிபுரத்துப் பக்கம் தோட்டக்காட்டில் பிறந்து வளர்ந்தவள். வெயிலும் கிணற்று மேடும்தான் எனக்குத் தெரிந்த உலகம். ஆடி மாதம் மலைக்கு வந்து இறங்கினால், வீட்டுக்குள்ளேயே மேகம் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. எரிச்சலில் வீட்டுக்காரரிடம் நாளுக்கொரு சண்டை பிடித்தேன். அவர் சிரிப்பார். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஊருக்கு மேலே, தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் ஒரு பெரிய பாறை இருந்தது. வருஷம் முழுக்க அதன் மேலிருந்து நீர் கசிந்து சொட்டிக்கொண்டே இருக்கும். ஒழுகுபாறை என்பார்கள். ஆவணியில் ஒருநாள் அந்தப் பாறை முழுக்கப் பூத்திருந்தது. காசித்தும்பைக்குத் தங்கச்சி போல ஒரு பூ; இளம் ஊதா நிறம், தொண்டையில் மட்டும் ஒரு மஞ்சள் பொட்டு. செடி ஒரு சாண் உயரம்கூட இல்லை. மண்ணே இல்லாத இடத்தில், பாசியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கு மலைக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக மனசு குளிர்ந்தது. ஒரு கைப்பிடி பறித்துத் தொடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு குடத்தோடு இறங்கி வந்தேன்.

எதிரே ஒரு பெண் விறகுச் சுமையோடு வந்தாள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். சுமையை இறக்கி வைத்துவிட்டு என் தலையையே பார்த்தாள்.

"ஏனுங்க அம்மிணி, அந்தப் பூவை எடுத்துருங்க. அது தலைக்கு வெக்கிறது இல்லீங்க."

"ஏனக்கா, விஷமா?"

"இல்லீங்க. அம்மனுக்குங்க. நோம்பிக்கு இன்னும் நாலு நாளு இருக்குது. அதுக்கு முந்தி ஆரும் தொடமாட்டாங்க."

குரலில் கோபம் துளியும் இல்லை. அது என்னை இன்னும் குன்றிப்போக வைத்தது. பூவை எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் குடத்துத் தண்ணீரில் போட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "உங்களுக்கு எப்புடிங்க தெரியும்? வுடுங்க, பாறையில நெறைய இருக்குது," என்று சொல்லிச் சுமையைத் தூக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்கு அந்த மலையில் பேச ஓர் ஆள் கிடைத்தது.

அவள் வீட்டு நிலைமை மெதுவாகத் தெரிந்தது. புருஷன் பலாமரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசையாமல் கிடந்தார். இரண்டும் பெண் குழந்தைகள். அந்த ஊரின் வழக்கப்படி, ஆவணியில் வரும் அம்மன் திருவிழாவான நோம்பிக்கு அந்தப் பூவைக் கொண்டுவந்து அம்மனுக்கு முதலில் சாத்துவது அந்த வீட்டின் முறை. அந்த முறைக்காக ஊர் அவர்களுக்கு ஒரு காட்டை, மானாவாரி நிலத்தை, பயிர் செய்துகொள்ள விட்டிருந்தது. பூக்காடு என்று பெயர். அதில் விளைவதென்னவோ சாமைதான். அந்தச் சாமைதான் அந்த வீட்டின் சோறு. பூ வேறு எதுவும் ஆகாது, அதுவேதான் வேண்டும். அன்று காலையில் விரிந்ததாக இருக்க வேண்டும். அதற்கு நோம்பிப்பூ என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. அந்த ஒரு பாறையைத் தவிர வேறு எங்கும் அதை யாரும் பார்த்ததும் இல்லை.

அந்த வருஷ நோம்பியில் அவள் தேக்கிலையில் பூவை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்ததை நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். பழைய சேலைதான். ஆனாலும் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது.

நோம்பி முடிந்து ஒரு மாதம் இருக்கும். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "ஒழுகுபாறைக்கு அடையாளம் போட்டாச்சு. தையில மருந்து வெச்சு உடைக்கிறோம்," என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "எந்தப் பாறை?"

"தண்ணிக்குப் போற வழியில இருக்குதே, அதுதான். ரோடு அதுமேலதான் போகுது."

"வேற பக்கம் போகக் கூடாதா?"

"வேற பக்கம் போனா பாலம் கட்டோணும் கண்ணு. கோடு போட்டது நான் இல்ல. மேல இருந்து வந்தது. நான் வெள்ளைப் பெயிண்ட்ல அம்புக்குறி போட்டதுதான்."

அன்று அவருக்கு மோர் ஊற்றவில்லை. அவர் மீது தப்பில்லை என்று தெரியும். தெரிந்தே ஊற்றவில்லை. அந்த ரோடு வந்தால் பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டாம், அதுவும் தெரியும்.

செய்தி எனக்கு முன்பே ஊருக்குள் போய்விட்டது. அவள் புருஷனின் பங்காளி ஒருவர், பக்கத்துக் காட்டுக்காரர், ஊர்க்கவுண்டரிடம் பேசியிருக்கிறார். பாறை போனால் பூ இல்லை, பூ இல்லாவிட்டால் முறை இல்லை, முறை இல்லாதவர்களுக்குக் காடு எதற்கு என்று கேட்டிருக்கிறார். காட்டைத் தன்னிடம் விட்டால் அம்மனுக்கு வருஷம் முழுக்க விளக்குக்கு எண்ணெய் கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் அவர் வீட்டிலும் ஆறு வாய் இருந்தது. ஊர்க்கவுண்டர் யோசித்து, அடுத்த நோம்பிவரை பார்ப்போம், பூ வந்தால் முறையும் காடும் அவளுடையது, வராவிட்டால் மாற்றிவிடலாம் என்று முடிவு சொன்னார்.

நான் அவள் வீட்டு வாசலுக்கே போனேன். அவள் சாமை குத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உலக்கையைச் சாத்தி வைத்துவிட்டு, "வாங்க அம்மிணி, உக்காருங்க," என்றாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அக்கா, அந்தப் பூவை எங்க ஊட்டுப் பொறகால நான் வளத்தித் தாரேன்," என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு விடுவேனா? "எங்க அப்பன் தோட்டத்துல நாங்க வெச்சு வராதது எதுவுமே இல்ல. வெத்தலக்கொடியே புடிச்சிருக்குது. இது என்ன, ஒரு சாண் செடி!"

உள்ளே படுத்திருந்த அவள் புருஷன் அதைக் கேட்டுச் சிரித்தார். அவள் மட்டும், "பாக்கலாமுங்க," என்றாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் அந்த ஒரு வார்த்தைதான். எனக்கு அது எதுவும் உறைக்காத போக்குப் போலத் தோன்றும்.

மறுநாளே கூடையோடு போய்ப் பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகளைப் பாசியோடு பெயர்த்து வந்தேன். வீட்டுக்குப் பின்னால் குழி பறித்து, சாணி உரம் போட்டு, வரிசையாக நட்டு, தண்ணீர் ஊற்றினேன். ஐப்பசியில் இலை மஞ்சளாயிற்று. இன்னும் உரம் வைத்தேன். கார்த்திகையில் தண்டு அழுகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. நான் போய் அவளிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"அது சாவத்தானுங்க செய்யும் அம்மிணி. வருசா வருசம் செத்துப்போற செடிதானுங்க அது. பாறையில இருக்கறதும் இப்ப செத்துக்கிட்டுத்தான் இருக்குது. வெதை உளுந்து மறுக்கா மொளைக்கும்."

"இதை ஏனக்கா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேலா, என் மேலா என்றுதான் தெரியவில்லை. ஆனால் கோபப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. ஓடிப்போய்ப் பாறையைப் பார்த்தோம். பெரும்பாலும் காய்ந்துவிட்டிருந்தது. கீழ்ப்பக்க நிழலில் சில செடிகளில் மட்டும் பச்சைக் காய் இருந்தது. அந்தக் காயைத் தொட்டால் போதும், படாரென்று வெடித்துச் சுருண்டு விதையை எங்கேயோ எறிந்துவிடும். தொடாவிட்டால் தானாக வெடிக்கும். முதல் நாள் பத்துக் காய் பறித்து ஒரு விதைகூடக் கைக்குக் கிடைக்கவில்லை. பிறகு என்னுடைய பழைய மல் துணி ரவிக்கையைக் கிழித்துச் சின்னச் சின்னப் பையாகத் தைத்து, காயோடு சேர்த்துக் கட்டிவிட்டு வந்தோம். நாலு நாள் கழித்துப் போனால் பைக்குள் விதை கிடந்தது. கடுகைவிடச் சின்னது. இப்படியே ஒரு வாரம் கட்டி அவிழ்த்து, ஒரு சிட்டிகை சேர்ந்தது. குங்குமச் சிமிழைக் கழுவித் துடைத்து அதில் போட்டுச் சாமி மாடத்தில் வைத்தேன்.

தையில் பாறையை உடைத்தார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். அப்படியும் கேட்டது. மூன்று வேட்டு. மாசியில் உடைந்த கல்லில் ஒரு பகுதியை மாட்டுவண்டியில் கொண்டுவந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால், வடக்குப் பக்கம் கொட்டினார்கள். மழைக்கு மண் சரிந்து சுவரை இடிக்காமலிருக்க அங்கே ஒரு தடுப்பு கட்டுவதாகத் திட்டம். கட்டவில்லை. கல் அப்படியே குவிந்து கிடந்தது. பாம்பு வந்து அடையும் என்று அதற்கும் வீட்டுக்காரரைத் திட்டினேன்.

கோடை முழுக்க என் கவனம் பாத்தி மேலேயே இருந்தது. வீட்டுக்கு முன்னால், வெளிச்சமாக, அகலமாக ஒரு பாத்தி போட்டேன். கொத்தி, கட்டி உடைத்து, கல் பொறுக்கி, சலித்தேன். உரத்துக்கு மலைச் சாணி போதாது என்று, அப்பா வீட்டிலிருந்து மக்கிய எரு இரண்டு மூட்டை வரவழைத்தேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எரு போடாமல் ஒரு விதையை மண்ணில் போடக் கை வராது. வைகாசியில் முதல் மழை விழுந்ததும், நாள் பார்த்து, சிமிழிலிருந்த விதை முழுவதையும் மணலோடு கலந்து தூவினேன்.

"பாதியை வெச்சுக்க," என்றார் வீட்டுக்காரர்.

"வெச்சு என்ன பண்றது? எல்லாம் வரும்."

எல்லாம் வந்தது. எருவோடு வந்த புல் முளைத்தது, குப்பைமேனி முளைத்தது, கூடவே பருப்புக்கீரை கூட்டமாக முளைத்தது. நான் விடவில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் யோக்கியதையை அவள் காட்டில் நிற்கும் களையை வைத்தே எடை போடுவார்கள். என் அம்மா, வருகிற வழியில் அடுத்தவர் காட்டில் களையைக் கண்டாலும் குனிந்து பிடுங்கிவிட்டுத்தான் வருவாள். நான் தினமும் காலையில் பாத்திக்குள் உட்கார்ந்து, அந்தப் பூச்செடியின் இலை இல்லாத அத்தனையையும் பிடுங்கிப் போட்டேன். அந்தச் செடியின் இலை நீளமாக, ஓரத்தில் பல்லோடு இருக்கும். அதுதான் எனக்குத் தெரியும். அது முளைக்கும்போது எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்பது மூளையில் ஏறவும் இல்லை. ஆனி கடைசியில் என் பாத்தி மெழுகிய தரை போலச் சுத்தமாக இருந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றரை மாதமும் அடுத்த வீட்டு அக்கா வரவே இல்லை. விடியும் முன் களைக்கொத்தோடு போனால் பொழுது சாயத்தான் வருவாள். "காட்டு வேலைங்க," என்பாள். சாமை விதைப்புக் காலம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் அவளாகவே வந்து பாத்திக்கு முன்னால் நின்றாள்.

"களை எடுத்தீங்களா அம்மிணி?"

"தினமும் எடுக்கறேனக்கா. ஒண்ணு வுடல."

"ரெண்டே எலையா, உருண்டையா, தண்டு செவப்பா, ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"வராம? பருப்புக்கீரைக் குஞ்சு. எத்தன எத்தன! புடிங்கி மாளல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எனக்கு விளங்கிவிட்டது. மலை மேல் பருப்புக்கீரை அவ்வளவாகக் கிடையாது. என் எருவோடு வந்தது கொஞ்சம்தான். மீதி எல்லாம் அந்த நோம்பிப்பூச் செடிதான். நான் ஒவ்வொரு நாள் காலையிலும் உட்கார்ந்து, விரலால் வேரோடு கிள்ளி, ஒன்று விடாமல் எடுத்தது அதைத்தான்.

நான் கத்தினேன். அழுகையும் கத்தலும் சேர்ந்து வந்தது. "ஒரு நாளு வந்து பாத்திருக்கக் கூடாதா? உனக்குத்தானே இத்தன பாடும்? உனக்கு வெசனமே இல்லயா?" என்று, மரியாதைகூட இல்லாமல், என்னவெல்லாமோ கேட்டேன். நான் ஓய்ந்த பிறகு, "புடுங்குனதை எங்கீங்க போட்டீங்க?" என்றாள்.

"பொறகால. கல்லுக் குமி மேல."

இருவரும் எழுந்து ஓடினோம். மேலே நான் எறிந்தவை எல்லாம் காய்ந்து சருகாகக் கிடந்தன. நான் அதைக் கிளறிக்கொண்டே நின்றேன். அவள் மட்டும் குவியலைச் சுற்றி வடக்குப் பக்கம் போனாள். அது தகரக் கூரையின் நீர் சொட்டுகிற இடம்; குளியலறைத் தண்ணீரும் அந்தப் பக்கம்தான் போகும். வெயில் படாது. அங்கே குனிந்தவள் எழவே இல்லை. "அம்மிணி," என்றாள். நானும் போய்க் குனிந்தேன்.

உடைந்த கற்களில் பழைய பாசி இன்னும் பச்சையாக ஒட்டியிருந்தது. அந்தப் பாசியில், கல்லின் இடுக்கில், சிவப்புத் தண்டோடு செடிகள் நின்றன. விரலளவு. நடுவில் பல்லோடு நீள இலை வந்துவிட்டிருந்தது. போன வருஷம் பாறையிலேயே விழுந்த விதை, வேட்டுக்கும் வண்டிக்கும் தப்பி, கல்லோடு வந்து சேர்ந்திருக்கிறது. நான் முன்வாசலில் எருப் போட்டுப் பூசை பண்ணிக்கொண்டிருந்தபோது, இது பின்னால் தன்பாட்டுக்கு முளைத்திருக்கிறது. எண்ணினோம். பதினேழு செடி. திரும்ப எண்ணினோம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் முன்பு அவளை அவ்வளவு பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவும் மறந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அந்தப் பக்கம் சவுக்காரம் போட்டுக் குளிப்பதை நிறுத்தினோம். வீட்டுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். "ஓவர்சியரை ஊட்டைவுட்டுத் தொரத்தியாச்சு," என்று முணுமுணுத்தாலும் தவறாமல் போனார். ஆடியில் பத்து நாள் மழை இல்லாமல் காற்று மட்டும் அடித்தது. பாசி வெளுக்க ஆரம்பித்ததும் அவள்தான் ஒரு வழி சொன்னாள். பானையின் அடியில் சின்ன ஓட்டை போட்டு, துணித் திரி செருகி, கல்லுக்கு மேலே மூங்கில் நட்டுத் தொங்கவிட்டோம். பாறை எப்படிச் சொட்டியதோ அப்படியே சொட்டுச் சொட்டாக விழுந்தது. எரு கூடாது, நடக் கூடாது, தொடவும் கூடாது. சும்மா இருப்பதுதான் வேலை என்றால் எனக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன்.

ஆவணி பிறந்து மொட்டு வந்தது. நோம்பிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பங்காளி ஒரு நியாயம் கேட்டார். பாறையில் பூத்தால்தான் அது அம்மன் பூ. சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டார் வீட்டில், குளிக்கிற தண்ணீரில் வளர்ந்ததை எப்படிச் சாத்துவது என்றார். அதுவும் ஒரு கேள்விதான். ஊர்க்கவுண்டரும் நாலு பெரியவர்களும் பார்க்க வந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வெளியே நின்றால் ஏதாவது பேசிக் கெடுத்துவிடுவேன் என்று பயம்.

ஊர்க்கவுண்டர் குந்தி உட்கார்ந்து செடியைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். ஒரு பெரிய துண்டில் வெள்ளைப் பெயிண்ட் தெரிந்தது. அதன்மேல் கையை வைத்து, "இது என்னங்க ஓவர்சியரு?" என்றார்.

"நாந்தானுங்க போட்டேன். ஒழுகுபாறையில போட்ட அம்புக்குறிங்க," என்றார் வீட்டுக்காரர். சொல்லும்போது அவர் அந்தக் கல்லைப் பார்க்கவில்லை. அவர் அந்த அடையாளத்தைப் பற்றி வெட்கப்பட்டது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஊர்க்கவுண்டர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அப்ப இது அந்தப் பாறைதான். ரோட்டுக்காகக் கொஞ்சம் நவுந்து உக்காந்திருக்குது. மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டு இந்த நோம்பிக்குப் பறிச்சுக்கட்டும். நோம்பி முடிஞ்சதும் கல்லைப் பூராவும் அவங்க ஊட்டுக்கே தூக்கி வெச்சுருங்க. இனி அங்கயே பூக்கட்டும்."

பங்காளி கல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "செரிங்க. கல்லுத் தூக்க நானும் வாரேன்," என்றார். பெரிய மனதென்று சொல்லமாட்டேன். ஆனால் சொன்னபடி வந்தார். கனமான கல்லெல்லாம் அவர் தோளில்தான் போனது.

நோம்பியன்று காலையில் பதினேழு செடியும் பூத்திருந்தது. விதைக்கென்று நாலு செடியை விட்டுவிட்டு மற்றதில் அவள் பறித்தாள். தேக்கிலையில் ஏந்திக்கொண்டு முன்னால் போனாள். அம்மன் கழுத்தில் அந்த ஊதாப் பூ ஏறியதைப் பார்த்தேன். ஒரு வருஷமாகத் தலையில் இருந்த பாரம் இறங்கியது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் தோளில், ஊர் பார்க்கிறதென்றும் பாராமல், சாய்ந்துகொண்டேன்.

பொங்கல் வைத்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவளைக் காணவில்லை. அவள் பெரிய மகளிடம் கேட்டேன். "அம்மா பூக்காட்டுக்குப் போயிருக்குதுங்க," என்றது. நோம்பியன்று காட்டில் என்ன வேலை? சோற்றை விட்டுவிட்டு அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். அது மலையின் அந்தப் பக்கச் சரிவு. அந்த வருஷம் நான் அங்கே போனதே இல்லை.

சாமை இடுப்பளவு நிற்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். பக்கத்துக் காடுகளில் அப்படித்தான் நின்றது. பூக்காட்டில் சாமை இல்லை. ஒரு தாள்கூட இல்லை. காடு முழுக்கப் புல். நடுவில் அவள், நோம்பிச் சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, மூச்சு வாங்கக் கொத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாமை எங்க?"

"வெதைக்கலீங்க."

"ஏன்?"

அவள் கொத்தை ஊன்றி நின்றாள். "பூ வராதுன்னு நெனச்சனுங்க அம்மிணி. காடு கையவுட்டுப் போயிரும்னு நெனச்சன். அடுத்தவங்க அறுக்கறதுக்கு நான் எதுக்கு வெதைக்கோணும்? இத்தன நாளும் அடுத்தவங்க காட்டுல கூலிக்குத்தானுங்க களை எடுத்தேன்."

ஊரில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது. "பாக்கலாமுங்க" என்று அவள் ஒவ்வொரு முறை சொன்னபோதும் உள்ளுக்குள் எவ்வளவு பயத்தை அமுக்கியிருந்தாள் என்பது அந்தத் தரிசைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்கா வெசனம் இல்லை என்று கத்தினேன்!

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"அத்தன ஆசையா வெதை வெதைச்சீங்க. உங்ககிட்டப் போயி இது வராதுன்னு எப்புடிங்க சொல்றது?"

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். சத்தம் போட்டு, மூக்கைச் சேலையில் துடைத்துத் துடைத்து, நடுவில் சிரித்துக்கொண்டே அழுதாள். சாமைக்குக் காலம் தப்பிவிட்டது. ஆனால் கொள்ளு விதைக்க இன்னும் நாள் இருந்தது. அன்றைக்கே ஒரு மூலையாவது கொத்திவிட வேண்டும் என்றாள். நோம்பியன்று மண்ணில் கொத்து போடக் கூடாது என்று யாரோ சொல்வார்கள் என்றேன். "சொல்லட்டுங்க. இன்னிக்கு இது என்னோட காடுங்க," என்றாள்.

அவள் மகள் ஓடிப்போய் இன்னொரு கொத்து கொண்டுவந்தது. நான் பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் இறங்கினேன். பொழுது சாய்வதற்குள் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் புரண்டது. அதில் அவள் மடியில் கட்டி வந்திருந்த கொள்ளு விதையை வீசி விதைத்தாள்.